மெஷின் தப்பாகச் சொன்னால் யார் அலைவது?

கேள்வி இது: "அரசியல்வாதிகளை நம்பி நம்பி அலுத்துவிட்டது. அரசு வேலைகளை எல்லாம் கணினிக்கும் ஏஐக்கும் மாற்றிவிட்டால் லஞ்சம், சிபாரிசு, இழுத்தடிப்பு எல்லாம் ஒழிந்துவிடாதா? அல்பேனியாவில் ஏஐ மந்திரியே வந்தாயிற்று. இதில் உங்கள் சொந்தக் கருத்து என்ன? எந்தக் கட்சி இதைச் சரியாகக் கையாள்கிறது?"

கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். அரசு பணம் கொடுப்பதற்கும், சான்றிதழ் தருவதற்கும், வரிசையைக் குறைப்பதற்கும் தொழில்நுட்பம் வந்தால் எனக்கு முழுச் சம்மதம். ஒருவருக்கு உரியதை மறுப்பதற்கும், ஒருவரைத் திருடன் என்று காட்டுவதற்கும் அதே தொழில்நுட்பம் வரும்போதுதான் சந்தேகம் வந்துவிடுகிறது. எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மெஷின் தப்பாகச் சொன்னால், அது தப்பு என்று நிரூபிக்க யார் அலைய வேண்டும்? அரசு அலைய வேண்டும் என்றால் அந்தத் திட்டம் பரவாயில்லை. குடிமகன்தான் அலைய வேண்டும் என்றால், பழைய குமாஸ்தாவின் இடத்தில் இன்னும் பிடிவாதமான ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இதற்கு உலகத்தில் இருக்கும் மிகக் கொடுமையான உதாரணம் பிரிட்டனின் அஞ்சலக விவகாரம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் எல்லாமே இருக்கிறது.

1999-ல் தொடங்கி பிரிட்டனின் கிளை அஞ்சலகங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் பொருத்தினார்கள். செய்து கொடுத்தது ஃபுஜிட்சு. அந்தக் கிளைகளை நடத்தியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள் அல்ல. ஒப்பந்தத்தின் பேரில், பலர் தங்கள் கடையோடு சேர்த்து அஞ்சலகத்தையும் நடத்தியவர்கள். கணக்கு முடிக்கும் நாளில் கல்லாவில் இருக்கும் பணத்தை எண்ணுவார்கள். திரையில் காட்டும் தொகையோடு அது பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. சிலருக்கு நூறு பவுண்டு குறைந்தது, சிலருக்கு ஆயிரக்கணக்கில். ஒப்பந்தப்படி பற்றாக்குறையை அவர்கள்தான் கைக்காசு போட்டு ஈடுகட்ட வேண்டும். உதவி எண்ணுக்குப் போன் செய்தால், வேறு யாருக்கும் இப்படிப் பிரச்சினை இல்லையே, உங்களுக்கு மட்டும்தான் வருகிறது என்று பதில் வந்ததாகப் பலர் பிற்பாடு சாட்சி சொன்னார்கள். கணக்கு சரி என்று காட்டினால்தான் மறுநாள் கடையைத் திறக்க முடியும் என்பதால் சரி என்றே பதிந்தவர்களும் உண்டு. அவர்கள் மேல் பொய்க் கணக்கு எழுதியதாக வழக்கு வந்தது.

1999-க்கும் 2015-க்கும் இடையில் இப்படி 900 பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பெரும்பாலான வழக்குகளை அஞ்சலக நிறுவனமே தன் சொந்த அதிகாரத்தில் நடத்தியது என்பதைக் கவனியுங்கள். புகார் கொடுத்ததும் அதுதான், விசாரித்ததும் அதுதான், வழக்குத் தொடுத்ததும் அதுதான். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் திவாலானார்கள், தற்கொலை செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். கிளைக் கணக்கை வெளியில் இருந்தே மாற்ற முடியாது என்று நிறுவனம் பல வருடம் சாதித்தது. ஃபுஜிட்சு ஆட்களால் மாற்ற முடிந்தது என்பது அப்புறம் நீதிமன்றத்தில் வெளிவந்தது. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-ல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

மென்பொருளில் பிழை இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எந்த மென்பொருளில்தான் இல்லை? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு விஷயம். 1984-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் சட்டப் பிரிவின்படி, கணினித் தகவலைச் சாட்சியமாகக் கொண்டுவந்தால் அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டும் பொறுப்பு கொண்டுவருபவருக்கு இருந்தது. அது ரொம்பத் தொந்தரவு என்று சொல்லி 1999-ல் அந்தப் பிரிவை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதற்குப் பிறகு, வேறு விதமாகக் காட்டப்படாத வரை கணினி சொல்வது சரி என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஒரு சின்னக் கிளையை நடத்தும் மனிதர், ஃபுஜிட்சுவின் சர்வருக்குள் என்ன நடந்தது என்று எதை வைத்துக் காட்டுவார்? பதிவுகள் எல்லாம் எதிர்த்தரப்பின் கையில் அல்லவா இருக்கின்றன! அந்த அனுமானத்தை மாற்றலாமா என்று பிரிட்டன் அரசு கருத்துக் கேட்க ஆரம்பித்ததே 2025 ஜனவரியில்தான்.

சரி, அது பிழையான மென்பொருள், நல்ல மென்பொருளாக இருந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்று நீங்கள் சொல்லலாம். அதற்குத்தான் ஆஸ்திரேலியா இருக்கிறது.

அங்கே 'ரோபோடெட்' என்று மக்கள் பெயர் வைத்த ஒரு திட்டம். அரசு உதவித்தொகை வாங்கியவர்களில் யார் கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்று கணினியே கண்டுபிடித்துத் திரும்பக் கேட்கும். 2015 பட்ஜெட்டில் அறிவித்து, 2016-ல் முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். கணக்கு எப்படிப் போட்டார்கள் என்று பார்ப்போம். ஒருவர் வருடத்தின் முதல் பாதியில் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். பிறகு வேலை போய்விட்டது, மீதி ஆறு மாதம் உதவித்தொகையில் ஓட்டுகிறார். உதவித்தொகை வாங்குபவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன் வருமானத்தைச் சொல்ல வேண்டும். வேலை இல்லாத 13 தவணைகளிலும் பூஜ்யம் என்று உண்மையைத்தான் எழுதினார். இப்போது கணினி வருகிறது. வரித்துறையிடம் இருந்து வருட வருமானம் 26,000 என்று எடுத்துக்கொள்கிறது. வருடத்துக்கு 26 தவணை. வகுத்தால் தவணைக்கு 1,000 டாலர். ஆக, வேலையே இல்லாத காலத்திலும் இவர் தவணைக்கு 1,000 டாலர் சம்பாதித்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறார்! கடன் நோட்டீஸ் போகிறது.

இல்லை, நான் ஏமாற்றவில்லை என்றால் பல வருடங்களுக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டு வா என்றார்கள். அந்தக் கம்பெனியே மூடியிருக்கும். சீட்டைக் காட்ட முடியாதவர்கள் பின்னால் கடன் வசூல் ஏஜென்சிகள் போயின.

இங்கே மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் விஷயம். எழுதச் சொன்னதை அது அட்சரம் பிசகாமல் செய்தது. சராசரி போட்டு வகுத்துவிட்டு அதைக் கடன் என்று சொல்லச் சட்டத்தில் இடம் இல்லை. எந்தப் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாரும் இதை ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பார். அரசு 2020-ல்தான் இறங்கிவந்து, ஏறக்குறைய 4,70,000 கடன்களுக்காக 72 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தருகிறோம் என்றது. 2023 ஜூலையில் விசாரணை ஆணையம் அறிக்கை தந்தது. திட்டம் உருவான காலத்தில் சமூக சேவைத் துறை மந்திரியாக இருந்து, பிற்பாடு பிரதமரான ஸ்காட் மோரிசன், மந்திரிசபை தவறாக வழிநடத்தப்பட இடம் கொடுத்தார் என்று ஆணையம் எழுதியது. அவர் அதை மறுத்தார்.

நெதர்லாந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி பிடிக்கிறோம் என்று வரித்துறை ஒரு ஆபத்து மதிப்பீட்டு முறையை வைத்தது. அதில் ஒருவருடைய குடியுரிமை எந்த நாடு என்பதும் ஒரு அளவுகோல். கையெழுத்து விட்டுப்போனது போன்ற சின்னத் தவறுக்குக்கூட முழுத் தொகையையும் திரும்பக் கேட்டார்கள். பல்லாயிரம் குடும்பங்கள் நொடிந்தன. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அரசு மொத்தமாக ராஜினாமா செய்தது. மார்ச்சில் தேர்தல் வந்தது, அவர் கட்சியே மறுபடியும் முதலிடம் பிடித்தது. அரசியலில் இதெல்லாம் சகஜம் என்று சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த மூன்றும் பணக்கார நாடுகள். நல்ல நீதிமன்றங்கள், சுதந்திரமான பத்திரிகைகள், படித்த மக்கள் எல்லாம் இருந்தும் இதுதான் நிலை. மெஷின் வந்ததும் அரசியல் மறைந்துவிடவில்லை. உதவித்தொகையைக் குறைத்து மிச்சம் பிடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை அரசியலில் இருந்துதான் வந்தது. மெஷின் அதற்கு முகமூடியாக இருந்தது. ஒரு மந்திரி மேடையேறி "ஏழைகள் எல்லாம் திருடர்கள்" என்று சொன்னால் பதவி போய்விடும். அதையே ஒரு கணினி லட்சக்கணக்கான கடிதங்களில் சொன்னால், அது நிர்வாகச் சீர்திருத்தம்.

இந்தியாவுக்கு வருகிறேன். ஆதாரை நான் முழுதாக எதிர்க்கிறவன் அல்ல. உதவிப் பணம் இடைத்தரகர் கையில் படாமல் நேரே வங்கிக் கணக்குக்குப் போவது பெரிய விஷயம், அதை மறுப்பவர்கள் பழைய நாட்களை மறந்துவிட்டார்கள். ஆனால் பணம் போய்ச் சேருவது வேறு, உரியவரா என்று ஒவ்வொரு முறையும் விரல் வைத்து நிரூபிக்கச் சொல்வது வேறு. கல்லும் மண்ணும் சிமெண்டும் அள்ளுகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரேகை தேய்ந்துதான் இருக்கும். மெஷின் ஏற்காது. ரேகை விழவில்லை என்பதற்காக யாருக்கும் ரேஷன் பொருளை மறுக்கக் கூடாது, வேறு அடையாளத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2017-ல் மத்திய அரசு சுற்றறிக்கையே அனுப்பியது. இருந்தாலும் கவுண்ட்டரில் இருப்பவர் அந்த விதியைப் பயன்படுத்தினால் நாளைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மெஷின் மேல் பழியைப் போட்டுத் திருப்பி அனுப்பினால் அவரை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அப்புறம் அவர் எதைச் செய்வார்? உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று 4-1 என்ற கணக்கில் ஆதாரை ஏற்றுக்கொண்டது. மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி சந்திரசூட், இப்படி விடுபட்டுப் போகிறவர்களைப் பற்றி நிறையவே எழுதினார். என் ஓட்டு அவருக்குத்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், இத்தனை கோடி மிச்சம் பிடித்தோம் என்ற அறிவிப்புகள். பட்டியலில் இருந்து ஒரு பெயரை நீக்கினால் அது போலி என்று எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையை மிச்சம் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. நீக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் நிஜ மனிதர்கள் என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? சமையல் எரிவாயு மானியத்தை நேரடியாக வங்கியில் போட்டதால் பெருந்தொகை மிச்சமானதாகப் பேசப்பட்ட நேரத்தில், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2014-ன் ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான மானியச் செலவை 2015-ன் அதே மாதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். செலவு சுமார் 23,000 கோடி ரூபாய் குறைந்திருந்தது. அதில் 21,000 கோடிக்கு மேல் குறைந்ததற்குக் காரணம் எரிவாயு விலை இறங்கியதால் மானியத்தின் அளவே சுருங்கியதுதான். மக்கள் வாங்கும் சிலிண்டர் குறைந்ததால் மிச்சமானது 1,800 கோடிக்கும் கீழே. அதுவும் சின்னத் தொகை அல்ல என்று வாதாடலாம், வாதாடுங்கள். ஆனால் எந்த எண்ணை மேடையில் சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறதே.

வாக்கு இயந்திரத்தைத் தொடாமல் போனால் பின்னூட்டத்தில் வந்து கேட்பீர்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியத் தேர்தல்களில் இயந்திரத்தைத் திருகி முடிவை மாற்றுகிறார்கள் என்பதை நான் நம்பவில்லை. தோற்றால் இயந்திரம், ஜெயித்தால் மக்கள் தீர்ப்பு என்று பேசுகிற கட்சிகள் மேல் எனக்கு மரியாதையும் இல்லை. ஆனாலும் என் கேள்வியை இங்கேயும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பொத்தானை அழுத்தியதும் விவிபாட் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு 7 விநாடி தெரியும். நீங்கள் ஒரு சின்னத்தை அழுத்தி, சீட்டில் வேறு சின்னம் வந்தது என்று வையுங்கள். தேர்தல் நடத்தை விதி 49எம்ஏ என்ன சொல்கிறது? நீங்கள் முதலில் எழுத்துமூலம் உறுதிமொழி தர வேண்டும். பொய் என்றால் தண்டனை உண்டு என்று எச்சரிப்பார்கள். பிறகு முகவர்கள் முன்னிலையில் ஒரே ஒரு சோதனை வாக்கு. அதில் சரியாக வந்துவிட்டால் நீங்கள் பொய் சொன்னவர். எப்போதாவது மட்டும் தவறும் கோளாறு என்றால், ஒரே ஒரு சோதனையில் அது அகப்பட வேண்டும் என்று என்ன கட்டாயம்? குறும்புக்காரர்களைத் தடுக்க இந்த விதி தேவை என்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் நிஜமாகவே தவறைப் பார்த்தவரும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஜெர்மனியில் 2009 மார்ச்சில் அரசியல் சட்ட நீதிமன்றம் வேறு மாதிரி யோசித்தது. அங்கே பயன்படுத்திய இயந்திரங்களில் மோசடி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. இருந்தும் அந்த இயந்திரங்களின் பயன்பாடு அரசியல் சட்டத்துக்கு முரண் என்றார்கள். வாக்களிப்பதிலும் எண்ணுவதிலும் முக்கியமான படிகளைத் தொழில்நுட்ப அறிவே இல்லாத சாதாரண ஆளும் சரிபார்க்க முடிய வேண்டும், நிபுணர் சொல்கிறார் நம்பு என்பது போதாது என்பது அவர்கள் வாதம். இந்தியாவின் அளவுக்குக் காகிதச் சீட்டு முறைக்கே திரும்புவது எனக்கு உவப்பாக இல்லை, வாக்குச்சாவடியைக் கைப்பற்றிய கதைகள் நினைவில் இருக்கின்றன. இப்போது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளில் மட்டும் விவிபாட் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் நிராகரித்தது. முடிவு வர ஓரிரு நாள் தாமதமானாலும் கூடுதலாக எண்ணியிருக்கலாம் என்பது என் எண்ணம். மாதக்கணக்கில் தேர்தல் நடத்துகிற நாட்டுக்கு ஒரு நாள் தாங்காதா?

எல்லா இடத்திலும் இப்படித்தானா என்றால், இல்லை. எஸ்டோனியா இருக்கிறது. சுமார் 13 லட்சம் பேர் வாழும் சின்ன நாடு, அதனால் அப்படியே காப்பியடிக்க முடியாது. ஆனால் ஒரு விஷயத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே அரசுப் பதிவேடுகளில் உங்களைப் பற்றிய தகவலை எந்தத் துறை எப்போது எடுத்துப் பார்த்தது என்று நீங்களே இணையத்தில் போய்ப் பார்க்கலாம். காரணமில்லாமல் பார்த்திருந்தால் ஏன் என்று கேட்கலாம். பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறார். 2017-ல் அவர்களுடைய அடையாள அட்டைச் சிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். ஏறக்குறைய 7,50,000 அட்டைகள் பாதிப்பில். அதுவும் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரம், இணைய வாக்குப்பதிவு வேறு. சொன்னவர்கள் மேல் வழக்குப் போடாமல், அரசே முன்வந்து ஓட்டை இருக்கிறது என்று அறிவித்தது. நவம்பரில் அந்த அட்டைகளின் மின்னணுச் சான்றுகளை நிறுத்திவைத்து எல்லோரையும் புதுப்பிக்கச் சொன்னது. அங்கே மக்கள் கணினியை நம்புவதற்கு அதன் திறமையைவிட இந்த நடத்தைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் ஏஐ மந்திரி. 2025 செப்டம்பரில் அல்பேனியப் பிரதமர் எடி ராமா, டியெல்லா என்ற ஏஐ உருவத்தை அரசுக் கொள்முதலுக்கான மந்திரி என்று அறிமுகப்படுத்தினார். லஞ்சம் வாங்காது, சொந்தக்காரனுக்கு டெண்டர் கொடுக்காது என்பது விளம்பரம். வாங்காதுதான். ஆனால் அதற்கு எதைப் பார், எதைப் பார்க்காதே என்று எழுதிக் கொடுக்கிற ஆள் வாங்கலாமே. டெண்டரில் உள்குத்து என்பது ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டத்தைவிட, ஒரு கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி நிபந்தனைகளை எழுதும் கட்டத்தில்தான் அதிகம் நடக்கிறது. அந்த நிபந்தனைகளை எழுதுவது யார்? தவிர, நாளைக்கு ஊழல் வெளிவந்தால் யார் ராஜினாமா செய்வது? டியெல்லாவைச் சபையில் நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்க முடியுமா? மோசமான மந்திரியிடம்கூட ஒரு வசதி இருக்கிறது, அவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம்.

ஏஐ வந்தபின் என் கவலை இன்னும் கூடியிருக்கிறது. ரோபோடெட் வகுத்தலை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துத் தப்பு என்று காட்ட முடிந்தது. இன்றைய ஏஐ மாதிரிகள் ஏன் ஒருவரைத் தள்ளின என்று அவற்றைச் செய்தவர்களாலேயே பல நேரம் தெளிவாகச் சொல்ல முடியாது. ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம், 22-வது பிரிவில், முழுக்கத் தானியங்கியாக எடுக்கப்பட்டு ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவுகளுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அப்படி முடிவெடுக்க அனுமதிக்கப்படும் இடங்களிலும் ஒரு மனிதர் தலையிட வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர் பொதுவாகக் கேட்கலாம். நல்ல ஏற்பாடு, ஆனால் போதாது. அந்த மனிதருக்கு மெஷினை மீறிச் சரி என்று சொல்ல அதிகாரமும், சொன்னால் வேலை போகாது என்ற தைரியமும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்.

கடைசியாக, எந்தக் கட்சி சரி என்று கேட்டிருந்தீர்கள். இந்த விஷயத்தில் கட்சிகளின் நிலைப்பாட்டைத் தீர்மானிப்பது அவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம்தான். ஆதார் ஆணையத்தை 2009-ல் அமைத்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. முறையான சட்டம் இல்லாமலேயே வருடக்கணக்கில் கோடிக்கணக்கானவர்களின் ரேகையை எடுத்தார்கள். 2014 தேர்தல் நேரத்தில் அதைக் கடுமையாகச் சாடிய நரேந்திர மோடி, பிரதமரான பிறகு அதையே கையில் எடுத்து விரிவாக்கினார். மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாததால் 2016-ல் ஆதார் சட்டத்தைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தார்கள். பண மசோதாவில் மாநிலங்களவை திருத்தம் பரிந்துரைக்கலாம், தடுக்க முடியாது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ். நாளைக்கு இடம் மாறினால் வசனமும் மாறும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். ஆகவே ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் ஏஐ வேண்டுமா வேண்டாமா என்று நான் கேட்பதில்லை. ஒரு பயனாளியின் பெயரை நீக்கும் முன் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சம்மதமா என்று கேட்கிறேன். செலவாகும் என்பார்கள். ஆமாம், ஆகும்.